வரையறைக்குள் வராத துவக்கு

சுடுகிற துவக்கை விற்கிறவன் யாருக்கும் கூட்டம் போட்டு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதைத் திரும்பச் சேர்த்து அழிக்கிற தொழிலில் இருக்கிறவன்தான் ஊர் ஊராகப் போய்த் தொண்டை கட்டும்வரை பேச வேண்டும். அந்தப் பாவப்பட்ட தொழிலில் நானும் கொஞ்சக் காலம் இருந்தேன். பதவியின் பெயர் கள இணைப்பாளர். வெளிநாட்டு நிபுணர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தோட்டத்தில் தமிழில் சொல்வதும், தோட்டம் தமிழில் திட்டுவதை ஆங்கிலத்தில் நன்றியுரையாக மாற்றுவதும்தான் வேலை. திட்டங்களில் வேலை பார்க்கும் என் இனத்தவரே, உங்களுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டாம். வாசலில் ஜீப், கழுத்தில் அட்டை, ஒப்பந்தம் நீடிக்குமா என்கிற கவலை எல்லாம் நீங்களும் அனுபவித்ததுதான்.

எனக்குச் சொந்த ஊர் கலவானப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு. வேலை கிடைத்தது கேகாலையில். அலுவலகம் டவுனில். எனக்குக் கொடுத்த களமோ, காட்டு ஓரத்தில் ஏறி நிற்கும் ஓர் இறப்பர் தோட்டம்.

ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயர்

எங்கள் திட்டத்தின் பெயர், 'உபரி இராணுவச் சிறு ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவதற்கும் பாதுகாப்பாக அகற்றுவதற்குமான சர்வதேசக் கூட்டு முயற்சி'. தமிழாக்கம் அடியேனுடையது. காலைப் பிரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிட ஆட்களை நிறுத்தியிருக்கும் நேரத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் கண்டாக்கையாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இந்தப் பெயரை வாசித்தேன். நடுவில் ஒருதரம் மூச்சு வாங்கினேன்.

உலகம் முழுவதும் யுத்தங்கள் முடிந்த இடங்களில் மிஞ்சிய துவக்குகள் கைமாறிக் கைமாறித் திரிகின்றன என்றும், அவற்றை ஒப்படைத்தால் கேள்வி கேட்க மாட்டோம் என்றும் விளக்கினேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேள்வி இருக்கிறதா என்றேன். பின்வரிசையில் இறப்பர்ப் பால்வாளியோடு நின்ற ஒரு பெண் கேட்டார்: "லயத்துக்குக் கூரைத் தகரம் குடுக்கிறது இதுல வராதுங்களா சார்?"

படத்தில் இல்லாதது

அடுத்த கூட்டத்துக்கு நிபுணரே வந்தார். நல்ல மனிதர். மூன்று கண்டங்களில் துவக்கு அழித்தவர். இடியப்பத்தைக் கண்டால் மட்டும் பயப்படுவார். வழவழப்பான பெரிய படத்தாளை விரித்து மாட்டினார். தானியங்கித் துவக்குகள், கைக்குண்டுகள், தோளில் வைத்துச் சுடும் குழாய்கள் என்று ஓர் இராணுவ முகாமே அதில் இருந்தது. இவற்றில் எதையாவது யாராவது தோட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

தகரம் கேட்ட அதே பெண் முன்னால் வந்தார். பெயர் பார்வதி. காட்டு ஓரத்து மேல் மலையில் பால் வெட்டுகிறவர். "இதெல்லாம் நாங்க டிவியிலதான் பாத்திருக்கோம். மேல் மலையில கட்டியிருக்கிறத எடுப்பீங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றார். அவர் சொன்னது கட்டுத்துவக்கை. தண்ணிக் குழாயில் செய்து, பன்றி வரும் தடத்தில் மரத்தோடு கட்டி, குறுக்கே ஒரு கம்பி இழுத்துவிடுவார்கள். கம்பியில் எது தட்டினாலும் வெடிக்கும். பன்றியா, பால் எடுக்கப் போகும் மனுசியா என்று அது பார்ப்பதில்லை. பார்வதியின் வீட்டுக்காரருக்கு ஒரு குதிகால் அப்படித்தான் போயிற்று. இப்போது அவர் லயத்தோடு கிடக்கிறார். வீட்டில் வேலைக்குப் போகும் கால்கள் பார்வதியுடையவை மட்டும்தான்.

நான் நிபுணருக்குச் சொன்னேன். அவர் முகம் வாடியது உண்மை. ஆனால் அவர் எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் சிவநேசன் பக்கம் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரரான சிவநேசன் திட்ட வரையறையை மனப்பாடமாகவே வைத்திருந்தார். இராணுவத்தில் இருந்து மிஞ்சியதாக இருக்க வேண்டும், தொழிற்சாலையில் செய்ததாக இருக்க வேண்டும் என்று விரல் மடக்கிக் காட்டிவிட்டு என் காதருகே சொன்னார்: "உது ஆயுதமே இல்லைத் தம்பி, எங்கட வரையறைப்படி உது விவசாய உபகரணம்."

கொப்பில் கட்டிய துணி

இருந்தாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. ஒருநாள் பார்வதியோடு மேல் மலைக்கு ஏறினேன். போகிற வழியில் ஒரு வளைவில், பச்சைக் கொப்பொன்றை முறித்துத் தடத்தின் ஓரத்தில் குத்தியிருந்தது. அதில் பழைய சேலைக் கிழிசல் ஒரு முடிச்சு. பார்வதி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். இந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். துவக்குக் கட்டுகிறவர் மனச்சாட்சிக்காக இப்படி ஓர் அடையாளம் வைப்பார். அதைக் கண்டால் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போக வேண்டும். பின்னேரம் கட்டியதை விடியற்காலையில் அவிழ்க்க வேண்டும் என்பதும் வழக்கம்தான். ஆனால் கட்டுகிறவர் விழித்தால்தானே விடியும். மேல் மலையில் இப்படி மூன்று இடங்கள் இருந்தன. நான் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடந்தேன். பார்வதியோ தினமும் போகிற கடைத்தெருவைப் போல அதைச் சுற்றிப் போனார்.

இதை நிபுணரிடம் சொன்னதுதான் தாமதம், அவர் துள்ளிக் குதிக்காத குறை. உடனே கணினியைத் திறந்து, 'சமூக மட்ட முன்னெச்சரிக்கைப் பொறிமுறை' என்று தலைப்பிட்டு அரைப் பக்கம் எழுதினார். துவக்கை எடுக்க முடியாதா என்று நான் மறுபடி கேட்டேன். தட்டச்சை நிறுத்தாமலே சொன்னார்: "இவ்வளவு அழகான முறை இருக்கும்போது நாம் தலையிட்டுக் கெடுத்துவிடக் கூடாது."

தலைவர்

திட்டம் என்றால் குழு வேண்டும், குழு என்றால் தலைவர் வேண்டும். 'ஆயுதமற்ற தோட்டம்' குழுவுக்கு ஏகமனதாகத் தெரிவானவர் தோட்டத்துக் காவல்காரர் ஆறுமுகம். அவரை விட்டால் பொருத்தமானவர் கிடையாது. ஏனென்றால் மேல் மலையில் துவக்குக் கட்டுகிறவர் அவரேதான். இது எனக்கும் நிபுணருக்கும் சிவநேசனுக்கும் தவிர லயத்தில் எல்லாருக்கும் தெரியும். பன்றி விழுந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். பங்கு வாங்கிய வாய் எப்படிப் பெயரைச் சொல்லும்? பார்வதியின் வீட்டுக்குக் கொஞ்சம் கூடவே போகுமாம், குதிகாலுக்காக.

விசயம் எனக்குத் தெரிந்த அன்றே அவரைத் தனியாகப் பிடித்தேன். மனிதர் மறைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளித் தோட்டத்தைக் காட்டினார். ஏர் பூட்டி உழுதது மாதிரிப் பன்றி கிளறிப் போட்டிருந்தது. "ஹரி தம்பி, துவக்கை நான் குடுத்திர்றேன்," என்றார் ஆறுமுகம். "பன்னிக்கிட்ட நீங்களே கூட்டம் போட்டுப் பேசிக்கிங்க."

ஒப்படைப்பு வாரம்

ஆயுத ஒப்படைப்பு வாரத்துக்கு மைதானத்தில் கூடாரம் போட்டோம். பிஸ்கட், தேத்தண்ணி எல்லாம் ஏற்பாடு. வந்தவை ஒரு விளையாட்டுத் துவக்கு, செடி கழிக்கிற, பிடி உடைந்த ஒரு கவ்வாத்துக் கத்தி, பழைய துரை விட்டுப்போன ஊன்றுகோல் ஒன்று. பிஸ்கட் மட்டும் முழுமையாக அகற்றப்பட்டது. ஆறுமுகம் சொன்ன சொல் தவறாமல் ஒரு கட்டுத்துவக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். வாங்கினால் பதிய வேண்டும், பதிந்தால் வரையறை மீறல் என்று சிவநேசன் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் கொடுக்க வந்ததை நாங்கள் வாங்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. அன்று பின்னேரமே அது திரும்ப மேல் மலையில் ஏறிவிட்டது.

அழிப்பு விழாவுக்கோ திகதி குறித்தாகிவிட்டது, அழிக்கத்தான் எதுவுமில்லை. தலைமையகம் கைவிடவில்லை. கொழும்பிலிருந்து லொறி நிறையத் துவக்குகள் வந்திறங்கின. எல்லாம் அசல் இராணுவத் துவக்குகள், வரையறைக்கு அச்சொட்டாகப் பொருந்துபவை. ஆனால் ஒவ்வொன்றும் ஏற்கனவே நசுங்கி, குழாய் வளைந்து கிடந்தது. வேறொரு மாகாணத்து விழாவில் அழித்தவையாம். இது நியாயமா என்று கேட்டேன். சிவநேசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒருக்கா அழிச்சா ஒரு பாதுகாப்பு, ரெண்டுதரம் அழிச்சா ரெட்டிப்புப் பாதுகாப்புத்தானே தம்பி."

ரோலர் வந்த நாள்

விழா நாளில் வரக்காப்பொலையிலிருந்து ரோட்டு ரோலர் வந்தது. விருந்தினர், பொலிஸ் ஜீப்புகள், பாடசாலை வாத்தியக் குழு. முதல் நாள் இருட்டுகிற நேரத்தில் கொழும்பு விழா ஏற்பாட்டாளர்கள் வந்து, விருந்தினர் மேல் மலைப் பக்கம் நின்று படம் எடுப்பதற்காகத் தடங்களையெல்லாம் கூட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு விழாவில் உட்கார உத்தரவு. பால் வெட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. வெட்டிய மரத்தில் பால் காத்திருக்காதே. பார்வதி வாளியோடு மேலே போயிருந்தார்.

நிபுணர் பேச, நான் தமிழாக்க, ரோலர் உறுமிக்கொண்டு நின்றது. "இன்றிலிருந்து இந்த மலை துவக்குச் சத்தம் கேட்காத மலை" என்ற வரிக்கு வந்தபோது தற்செயலாக மேடைக்குப் பக்கத்தில் பார்த்தேன். கூட்டியள்ளிய குப்பைக் குவியலில் பச்சைக் கொப்புகள், சேலைக் கிழிசல் முடிச்சோடு. தலைவருக்கான நாற்காலியில் ஆறுமுகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் பொலிஸ் நின்றதால் முதல் நாள் பின்னேரம் கட்டியதைக் காலையில் ஏறி அவிழ்க்க அவருக்குத் துணிவு வரவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. நான் ஒலிவாங்கியை வைப்பதற்குள் மேல் மலையில் வெடித்தது.

வாத்தியக் குழு, நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து வாசிக்கத் தொடங்கிவிட்டது. நான் ஓடினேன். பார்வதி எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே முழுக்க வெள்ளை. கையில் பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை விழுந்த வாளி. குண்டு வாளியில் பட்டிருந்தது, காலில் படவில்லை. அந்த வெள்ளையில் சிவப்பு இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை, பல் மட்டும் கிட்டிப்போயிருந்தது. எனக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்த கண்டாக்கையா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பால் முழுக்கக் கொட்டிருச்சா?"

பாதுகாப்பு அறிவித்தல்

வெடித்த துவக்கைப் பொலிஸார் எடுத்துப் போனார்கள். தினம் இடம் மாற்றிக் கட்டுவதால், மற்ற இரண்டும் எந்த மரத்தில் என்று தெரிந்த ஒரே ஆள் ஆறுமுகம். அவர் அன்றே பஸ் ஏறி எங்கோ போய்விட்டார். அடையாளக் கொப்புகளும் குப்பையோடு எரிந்துவிட்டன. தலைமையகம் மின்னல் வேகத்தில் இயங்கியது. அப்படி ஒரு வேகத்தை நான் அதுவரை கண்டதில்லை. மறுநாளே அறிவித்தல் வந்தது: மேல் மலை அதியுயர் ஆபத்து வலயம், திட்ட உத்தியோகத்தர் எவரும் எக்காரணம் கொண்டும் அங்கு செல்லலாகாது. அந்த இரண்டையும் தேடி எடுக்க ஆள் அனுப்பும்படி கெஞ்சிப் பார்த்தேன். வரையறை மாறவில்லை என்று பதில் வந்தது.

அறிவித்தலைத் தமிழாக்கிப் பிரட்டில் வாசிக்க வேண்டியதும் நானே. வாசித்தேன். கண்டாக்கையா காது கொடுத்துக் கேட்டார்; பிறகு வழக்கம்போலப் பெயர் கூப்பிட்டு, மேல் மலைக்கு ஆட்களைப் பிரித்தார். அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. பார்வதி புது வாளியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் ஒரு கணம் நின்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "போக வேணாம்னு உங்களுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க, நல்லது சார். எங்களுக்குப் போகலன்னா பேரு விழாதே, பேரு விழலன்னா சம்பளம் ஏது," என்று சொல்லிவிட்டு மேல் மலைக்கு ஏறினார்.

துவக்கு உபரியா இல்லையா என்று தீர்மானிக்க மூன்று கண்டம் சுற்றிய நிபுணர் தேவைப்படுகிறார். ஆள் உபரி என்று தெரிந்துகொள்ள ஒரு காலை பிரட்டில் நின்றாலே போதும்.