முதல் பக்கத்தில் சாகிற அம்மாக்கள்

என் அக்கா இதுவரை ஏழு அம்மாக்களைக் கொன்றிருக்கிறாள். முதலாமவளுக்குக் கொள்ளைக் காய்ச்சல். இரண்டாமவள் கப்பலோடு முழுகினாள். மூன்றாமவளைச் சிறகு முளைத்த ஓநாய் தூக்கிக்கொண்டு போனது. ஆறாவது அம்மா பாவம், இரண்டாவது வாக்கியத்தைக்கூடத் தாண்டவில்லை. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு மாயக்கதை எழுதுவது அக்காவின் தொழில். அந்தத் தொழிலில் அம்மா உயிரோடு இருந்தால் கதை நகராது என்பாள்.

"அம்மா இருந்தா, தனியா மலை ஏறப் போறேன்னா விடுவாளா? ஸ்வெட்டர் எங்கடின்னு கேப்பா. கதை அங்கயே முடிஞ்சுது."

மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கிற எனக்கே இது புரிந்தது. எங்கள் அம்மாவுக்குத்தான் புரியவில்லை.

அப்பா போன பிறகு அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்து எங்களை ஆளாக்கினாள். அக்காவுக்கு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எரிந்த வீடு, நசுங்கிய கார் என்று அடுத்தவர் கஷ்டத்தைப் படிவத்தில் ஏற்றுகிற வேலை. முப்பது வயதில் ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து, எழுதப்போகிறேன் என்றாள். நானாக இருந்தால் வாயில் வந்ததைக் கேட்டிருப்பேன். அம்மா ஒன்றும் கேட்காமல் தன் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அன்று முதல் அந்த அறை வாசலில் ஒரு முக்காலி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அம்மா முழுநாளும் அதில்தான். குக்கர் சத்தம் உள்ளே போகக் கூடாதென்று கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி வைப்பாள். டீயைக் கீழே வைத்து ஒரே ஒரு தட்டு தட்டுவாள், இரண்டாவது தட்டு தொந்தரவாம். யார் வந்தாலும், "அவ எழுதிட்டிருக்கா, அப்புறம் வாங்க." என் கல்யாணம் முறிந்து, விவாகரத்துக் காகிதத்தோடு நான் வந்து நின்ற அன்றும் முதலில் உதட்டில் விரல் வைத்தாள். சமையலறைக்குக் கூட்டிப்போன பிறகுதான் அழ விட்டாள்.

ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பாள். "இதுலயும் போயிட்டாளா?" என்று சிரிப்பாள். ஏழாவது புத்தகத்தில் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு எழுபது முடிந்திருந்தது. அதுவரை எங்களிடம் எதுவும் கேட்டிராதவள் அன்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுல, அந்த அம்மாவைக் கடைசி வரைக்கும் உயிரோட விடேன்."

"அப்படி எழுதினா யார் படிப்பா?"

"நான் படிப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி. எட்டாவது புத்தகத்துல உன் இஷ்டம், போதுமா?"

ஒன்றரை வருஷம் அம்மா அதைச் சொல்லாத ஆள் இல்லை. பால் போடுகிறவளிடம் சொன்னாள். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரிடம் சொன்னாள். எட்டாவது புத்தகம் வந்த அன்று கடையில் எனக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"முதல் பக்கம் தாண்டிட்டேன்."

தாண்டிட்டேன் என்றாள், தாண்டிட்டாள் என்று சொல்லவில்லை. மத்தியானம் மறுபடியும் கூப்பிட்டாள். "அம்பதாம் பக்கம். இன்னும் இருக்கேன்." அதன் பிறகு போன் வரவில்லை.

மறுநாள் நானும் வாங்கிப் படித்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். அம்மா உயிரோடு இருந்தாள். அவள் பெயர் வாசல்காரி. பிள்ளைகளைப் பூட்டி வைத்து அவர்கள் கனவைக் குடித்து வாழ்கிற சூனியக்காரி. மூன்று கால் பீடத்தில் உட்கார்ந்திருப்பாள். கதவை ஒரே ஒரு தட்டு தட்டிக் கிண்ணத்தை வைப்பாள், குடித்த பிள்ளைக்கு வெளியே போகிற வழி மறந்துவிடும். வெளிச்சம் நுழையாமல் கதவடியில் துணி திணிப்பாள். தேடி வருகிறவர்களிடம், "அவள் தூங்குகிறாள், அப்புறம் வாருங்கள்" என்பாள். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கதாநாயகி பீடத்தை எட்டி உதைக்க, வாசல்காரி தூளாகிப் போவாள். பிள்ளைகள் அந்தத் தூளை மிதித்து ஆடுவார்கள். அதற்குப் பிறகு நாலே பக்கம்தான்.

புத்தகத்தை மூடிய கையோடு அக்காவைப் போனில் பிடித்தேன்.

"இது அம்மாதானே?"

"அம்மா கேட்டதைத்தானே குடுத்தேன். கடைசி அத்தியாயம் வரைக்கும் வர்றாங்க. கதாநாயகிக்குக்கூட அவ்வளவு வசனம் கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை, கிண்டலும் செய்யவில்லை. உண்மையாகவே வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டபோது, "நல்லா எழுதியிருக்கா" என்று மட்டும் சொன்னாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். பழமொழியின் மறுபாதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம் நூலகத்தின் மாடியில் வாசகர் கூட்டம். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். முன் வரிசையில் அம்மாவும் நானும். பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "வாசல்காரியை எப்படிக் கற்பனை பண்ணீங்க?"

கூட்டம் சிரித்தால் அக்காவுக்குத் தலைகால் புரியாது. "கற்பனை எதுக்கு? அதோ உக்காந்திருக்காங்க பாருங்க," என்று கையை நீட்டினாள்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைக்கப்போவதில்லை.

பிள்ளைகள் புத்தகத்தோடு அம்மா முன்னால் வரிசை கட்டினார்கள். ஓய்வூதியத் தாளைத் தவிர வேறெதிலும் கையெழுத்துப் போட்டறியாதவள். "எங்கேம்மா போடணும்?" என்று கேட்டாள். கம்பிப் பல்லுக்காரி முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து வைத்தாள். பின்னால் நின்ற எல்லோரும் அதையே பிரித்தார்கள். தான் தூளாகிற வரிக்குக் கீழே அம்மா எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினாள், நாற்பது தடவை. கடைசிப் பெண் அந்த வசனத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா தலையை ஆட்டினாள்.

"அவள் தூங்குகிறாள், அப்புறம் வாருங்கள்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

முந்தைய ஏழையும் சேர்த்தால்கூட இந்த ஒரு புத்தகத்தைப் போல விற்கவில்லை. வாசல்காரி தூளிலிருந்து எழுந்து வர வேண்டும், அடுத்த கதையே அவளுடையதாக இருக்க வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டாராம். கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"அம்மா பேசவே மாட்டேங்கறாங்கடி. ம், சரி, இவ்வளவுதான். எனக்கு அவங்க பேச்சு வேணும். பேச்சு இல்லாம நான் என்னத்தை எழுதறது? நீ வந்து கொஞ்சம் பேச வையேன்."

அம்மாவைப் பார்த்து நாளாகியிருந்தது. அதனால் போனேன், அக்காவுக்காக இல்லை. அம்மா அதே வாசலில், அதே முக்காலியில் இருந்தாள். கதவு சாத்தியிருந்தது. கதவடியில் துண்டு மட்டும் இல்லை. வெளியே பேசுவது காதில் விழட்டும் என்று அக்காவே எடுத்துப் போட்டுவிட்டாளாம். நான் வாயைத் திறந்ததும் அம்மா பழக்கம் மாறாமல் உதட்டில் விரல் வைத்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்.

"உன் பேச்சு வேணுமாம் அவளுக்கு. நீ திரும்பி வரணுமாம், அடுத்த புத்தகத்துல."

உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது. அம்மா கதவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, என் காதோடு சொன்னாள்.

"வேணாம்னு சொல்லு. பழையபடி முதல் பக்கத்துலயே என்னைக் கொன்னுடச் சொல்லு."

மெதுவாகத்தான் சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா வேகவேகமாக விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்தாள்.