அக்காவின் இ.ப.

அக்கா இருபது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். டாக்டர்கள் கிறுக்கித் தள்ளிய சீட்டை நீட்டினால், கையில் வாங்குவதற்கு முன்பே படித்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவாள். அப்படி ஊரார் கையெழுத்தையெல்லாம் கரைத்துக் குடித்தவளுக்கு, தன் கையெழுத்தை மற்றவர்கள் படிக்க வேண்டுமே என்ற கவலை மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. அந்தக் கவலை தங்கையாகப் பிறந்த என் தலையில் விடிந்தது.

மருந்துக்கடை மூடியதும் அவள் பழைய புத்தகங்களை வாங்கி இணையத்தில் விற்கத் தொடங்கினாள். ஊர் ஊராகப் போய் வாங்குவது அவள் வேலை. கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுவதும், கட்டிக் கூரியருக்குக் கொடுப்பதும் என் வேலை. அத்தானின் வேலை, கட்டிலுக்கு அடியில் இனி இடமில்லை என்று மாதம் ஒரு முறை சொல்வது. அவர் சொன்ன மறுநாள் புத்தகங்கள் கட்டிலுக்கு மேலேயும் ஏறிவிடும்.

சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகளைக் கைக்கொன்றாக இழுத்துக்கொண்டு அவள் ரயிலில் இறங்கினால், சின்ன ஊர்களில் அவளை "பெட்டியக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு காலி செய்கிறவர்கள், மூடப்போகிற வாசகசாலைகள், பழைய பேப்பர் கடைகள் என்று எல்லா இடத்திலும் அவளுக்கு ஆள் உண்டு. ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் மோந்து பார்ப்பாள். பிறகு முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறுவாள். பஸ் டிக்கெட், காய்ந்த பூ, யாரோ யாருக்கோ எழுதிக் கொடுக்காமல் விட்ட கடிதம் என்று ஏதாவது விழும். அதற்கென்று ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறாள். டப்பாவை நான் தொட்டால் கோபம் வந்துவிடும்.

வாங்கியதையெல்லாம் திரும்பி வரும் வழியிலேயே ஒரு நோட்டில் எழுதுவாள். குலுங்குகிற பஸ்ஸில், மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுருக்கி எழுதுவாள். "மு.கி." என்றால் முனை கிழிந்தது. "டீ 40" என்றால் நாற்பதாம் பக்கத்தில் டீக்கறை. "இ.ப." என்றால் இரண்டாம் பதிப்பு. "இ.பா." என்றால் இரண்டாம் பாகம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அந்த ஒற்றைக் கால் எங்களை இவ்வளவு தூரம் நடக்க வைக்கும் என்று அப்போது தெரியாது.

எங்கள் இணையப் பக்கத்தின் அடியில் அக்கா ஒரு வரி எழுத வைத்திருந்தாள்: "புத்தகத்தைப் பற்றி நாங்கள் சொன்னது தவறாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம், நேரில் வந்து மன்னிப்பும் கேட்போம்." நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"யாருடி நம்மள நேர்ல வரச் சொல்லப் போறாங்க? சும்மா ஒரு மரியாதைக்கு இருக்கட்டும்" என்றாள்.

மூன்று வருடம் யாரும் வரச் சொல்லவில்லை. நாலாவது வருடம் ஒரு மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் எழுதினார். "இரண்டாம் பாகம் என்று போட்டிருந்தீர்கள். வந்திருப்பது முதல் பாகம். பணம் வேண்டாம். நேரில் வாருங்கள்."

நோட்டை எடுத்துப் பார்த்தோம். நாவலின் பெயர், அதற்கு நேரே "இ.ப." அந்த ப-வுக்குப் பக்கத்தில், பஸ் பள்ளத்தில் இறங்கியபோது பேனா இழுத்த ஒரு கோடு. நான் அதைத் துணைக்கால் என்று படித்திருக்கிறேன்.

"கோட்டுக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?" என்றாள் அக்கா.

"முதல் பாகம்னு நீ எங்கயுமே எழுதலையே."

"எனக்குத் தெரியுமே அது முதல் பாகம்னு."

இதற்கு மேல் அவளிடம் வாதாட என்ன இருக்கிறது? ஆனால் என் பக்கமும் தப்பு உண்டு. அட்டையில் பெயர் மட்டும்தான் இருந்தது என்றாலும், உள்ளே பொடி எழுத்தில் "முதல் பாகம், இரண்டாம் பதிப்பு" என்று இருந்திருக்கிறது. கட்டும்போது ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் போதும். சோம்பல். வேறொன்றும் இல்லை.

தண்டனையாக என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஐந்து மணி நேர ரயில் பயணம். கண்ணாடிக்கடைக்குப் பின்னால்தான் வீடு. ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் கண்ணாடிக்கடைக்காரரின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் நாங்கள் அனுப்பிய புத்தகம், கையில் பூதக்கண்ணாடி.

"அம்மாவுக்குப் பார்வை குறைஞ்சிக்கிட்டே வருது" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நரம்புல கோளாறு, கண்ணாடி போட்டாலும் பிரயோஜனம் இல்ல. படிக்கிற அளவுக்கு இன்னும் ஆறு மாசம் இருந்தா அதிகம்ங்கிறாங்க. ஊருக்கே கண்ணாடி போடறேன், என்ன புண்ணியம்?"

அம்மா அவரைப் பேச விடவில்லை. "இவன் அழுமூஞ்சி. நீங்க உக்காருங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "தப்பு யாரு மேல?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கை காட்டினோம். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அவர் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் ஆபீஸ் லைப்ரரியில் அந்த நாவலின் முதல் பாகத்தை எடுத்திருக்கிறார். அணையில் மதகு திறக்கும் ஊழியரின் மகளுடைய கதை. முதல் பாகம் முடியும்போது அவள் பொழுது விடிவதற்குள் நீர்த்தேக்கத்தைக் கடந்துவிட வேண்டும் என்று தனியாகப் படகை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கிறது. அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது.

"ரெண்டாவது பாகத்தை யாரோ எடுத்துட்டுப் போனவங்க திருப்பிக் கொடுக்கவே இல்ல. அப்புறம் மாத்தலாயிடுச்சு, கல்யாணம், இவன் பொறந்தான். எந்த ஊருக்குப் போனாலும் கேப்பேன். ஐம்பத்தி ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு தண்ணியிலயே நிக்கறா. கரை சேந்தாளா இல்லையான்னு தெரியாமயே என் கண்ணு போயிடுமோன்னு இருக்கு."

பார்சல் வந்ததும் மகனிடம் கூடக் கொடுக்காமல் தானே பிரித்து, தானே படிக்க ஆரம்பித்திருக்கிறார். மூன்று பக்கம் போன பிறகுதான் இதெல்லாம் ஏற்கெனவே படித்தது என்று தெரிந்திருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்கா மன்னிப்பு கேட்டாள். பிறகு அந்தப் புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "ரெண்டாம் பாகத்தோடதான் இனிமே இந்த வீட்டுப் படி ஏறுவேன்மா" என்றாள். வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இருக்கா இல்லையான்னே தெரியாத புத்தகத்துக்கு இப்படி வாக்குக் கொடுக்கலாமாக்கா?"

"அந்த அம்மா மூணு பக்கம் படிச்சாங்கடி. அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு" என்றாள். 

அதற்கு அடுத்த மூன்று மாதம் எங்கள் வியாபாரம் ஒரு மாதிரியாகத்தான் நடந்தது. எங்கே போனாலும் அக்கா முதலில் அந்த முதல் பாகத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, "இதே மாதிரி இன்னொண்ணு" என்று கேட்டாள். மூடிய தொழிற்சாலையின் வாசகசாலையில் கேட்டாள். பழைய பேப்பர் கடையில் மூட்டைகளை அவிழ்க்கச் சொல்லி, கடைக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஒருவர் எங்களுக்காக இரண்டு மணி நேரம் பரண் மேல் தேடி, மிகுந்த சந்தோஷத்துடன் இன்னொரு முதல் பாகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அவர் மனம் நோகக்கூடாது என்று அதையும் வாங்கிக்கொண்டாள்.

நாலாவது மாதம் ஒரு மாடி வீட்டுக்குப் போனோம். குடியிருந்தவர்கள் வேறு ஊருக்குப் போகிறார்கள், நான்கு அலமாரிப் புத்தகங்கள். ஒவ்வொன்றாக மோந்து, உதறி, அடுக்கினோம். எங்களுக்கு வேண்டியது அதில் இல்லை. அக்கா வழக்கம்போல மேஜை மேல் முதல் பாகத்தை வைத்து வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் பக்கம் ஏணி மேல் நின்று திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டிருந்த பெண், கொக்கிகளை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தாள். புதிதாக வருகிறவர்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்க அளவெடுக்க வந்த தையற்காரி. மெதுவாக இறங்கி வந்து, கொக்கிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"இதே பேர்ல என்கிட்ட ஒண்ணு இருக்குக்கா" என்றாள். "ஆனா அதுல ரெண்டாம் பாகம்னு போட்டிருக்கும்."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தையற்காரி அளவு வெட்டிப் பார்க்கப் பழைய பேப்பரை எடைக்கு வாங்குகிறவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அப்படி வந்த பேப்பர் கட்டுக்குள் இருந்த புத்தகம் அது. வெட்டுவதற்குக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவள், சும்மா முதல் பக்கத்தைப் படித்திருக்கிறாள். அன்றைக்கு வேலையே ஓடவில்லையாம். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறையாவது படித்துவிடுகிறாள்.

"முதல் பக்கத்துலயே அந்தப் பொண்ணு..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதீங்க" என்று அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "கேட்டா நான் அந்த அம்மாகிட்ட உளறிடுவேன்."

பிறகு விஷயத்தைச் சொன்னாள். தையற்காரி முழுவதையும் கேட்டாள். ஆனால், "விக்கறதுக்கில்லக்கா" என்றாள். சொல்லிக்கொண்டே மேஜை மேலிருந்த முதல் பாகத்தைத் தொட்டாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். நின்றபடியே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பன்னெண்டு வருஷமா மண்டையைக் குடையுது" என்றாள். "அவ கதை அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியும், எதுக்குக் கிளம்பினாள்னு தெரியாது. வீட்ல என்ன நடந்துது, அப்பாகிட்ட ஏன் சொல்லல, ஒண்ணும் தெரியாது. நானா நாலஞ்சு காரணம் கட்டி வெச்சிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே ஒரு அம்மாவுக்கு அவள் கிளம்பியது தெரியும், என்ன ஆனாள் என்று தெரியாது. இங்கே ஒருத்திக்கு என்ன ஆனாள் என்று தெரியும், கிளம்பியது தெரியாது.

"அப்போ மாத்திக்கலாமே" என்று அவசரப்பட்டுச் சொன்னேன்.

தையற்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "மாத்திக்கிட்டா மறுபடியும் என்கிட்ட பாதிதானே இருக்கும்?"

நியாயமான கேள்வி. அக்கா வாழ்க்கையில் யாருக்கும் புத்தகம் இரவல் கொடுத்ததுமில்லை, வாங்கியதுமில்லை. இரவல் போன புத்தகம் எந்தக் கதிக்கு ஆளாகும் என்று தொழில்முறையில் தெரிந்தவள். அவளே தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த முதல் பாகம் உங்களுக்கே. உங்களோடதை இரவலா கொடுங்க. நானே கையில கொண்டுபோய், நானே கையில கொண்டுவந்து தரேன். வேணும்னா எழுதிக் கொடுக்கறேன்" என்றாள்.

"உன் கையெழுத்துலயா?" என்றேன்.

தையற்காரி சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததால்தான் புத்தகம் கிடைத்தது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்கா ஒப்புக்கொள்வதில்லை.

மறுநாளே ரயில் ஏறினோம். வழியெல்லாம் அக்கா புத்தகத்தை மடியை விட்டு இறக்கவில்லை, பிரித்தும் பார்க்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள் ஓடினார். அம்மாவின் பார்வை இந்த நாலு மாதத்தில் இன்னும் மங்கியிருந்தது. நாங்கள் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார்.

"நான் படிச்சுக் காட்டட்டுமாம்மா?" என்று மகன் கேட்டார்.

"வேண்டாம். இத்தனை வருஷம் காத்திருந்தது நானு."

நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திப் போட்டோம். பூதக்கண்ணாடியை எழுத்தின் மேல் வைத்து, ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை என்று நகர்த்தினார். முதல் பக்கத்துக்கே கால் மணி நேரம் ஆகியிருக்கும். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்களைப் போல நின்றோம். பக்கத்தின் அடிக்கு வந்ததும் கண்ணாடியை மடியில் வைத்தார்.

"சேந்துட்டா" என்றார். "நனைஞ்சு போயி, செருப்பு ஒண்ணு தொலைஞ்சு போயி. ஆனா சேந்துட்டா."

கண்ணாடிக்கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அக்கா மூக்கை உறிஞ்சினாள். நானும் அழுதேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அம்மா மட்டும் அழவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டார். நாங்கள் சொல்லிக்கொண்டு கிளம்பியதைக் கூட அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

இரண்டு மாதத்தில் படித்து முடித்தார். சொன்னபடி அக்கா நேரில் போய் வாங்கித் தையற்காரியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் அதற்குள் முதல் பாகத்தை முடித்துவிட்டு, இரண்டாவதை ஆரம்பத்திலிருந்து படிக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். அவள் முடித்ததும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. இப்போது கண்ணுக்கு எழுத்து தெரிவதில்லை, மகன்தான் எதையும் படித்துக் காட்டுகிறான், அவன் அவசரக்காரன், பாதி விழுங்குகிறான், ஆனாலும் இன்னொரு தரம் கேட்க ஆசை என்றார். புத்தகம் மறுபடியும் ரயில் ஏறியது. அக்காவும்தான். பரண்காரர் கொடுத்த உபரி முதல் பாகத்தையும் அந்த அம்மாவுக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

போன வாரம் நோட்டைப் பார்த்து விவரம் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த நாவலின் பெயர் மறுபடியும் இருந்தது. நேரே "இ.ப." இந்தத் தடவை பஸ் குலுங்கவில்லை போலிருக்கிறது, கோடு ஒன்றும் இல்லை. ஆனாலும் சூடு கண்டவள், கேட்டுவிடுவது நல்லது என்று நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"இது பதிப்பா, பாகமாக்கா?"

அக்கா ஒரு புத்தகத்தை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு பழைய ரயில் டிக்கெட் விழுந்தது. அதை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"ரெண்டும் இல்ல. அதை ஏத்தாத" என்றாள். "இன்னும் படிக்கிறாங்க."