எட்டுப் பேர் விழுந்த சத்தம்

போன வருஷம், மழை ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். இடம், என் சொந்த ஊரான கோலார் தங்க வயலில் ஒரு பழைய கிளப் ஹால்.

நான் பெங்களூரில் ஒரு நவீன நடனக் குழுவில் ஆடுகிறேன். மொத்தம் எட்டுப் பேர். எங்களுக்கு மாஸ்டர் கிடையாது. ஒருவர் ஓர் அசைவைக் கொண்டுவருவார். மற்றவர்கள் அதை ஆடிப் பார்த்து, மாற்றி, சண்டை போட்டு, கடைசியில் அது யாருடையது என்றே தெரியாதபடி ஆக்கிவிடுவோம்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. “மாஸ்டர் இல்லாம இன்னா டான்ஸுடி? சலங்க இல்ல, பாட்டு இல்ல, பொரண்டு பொரண்டு எழுந்திருக்கிறீங்க” என்பாள். பெங்களூருக்கு வந்து நேரில் பார் என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறேன். ஒரு தடவை முட்டி வலி, ஒரு தடவை சிலிண்டர் வரும் நாள், ஒரு தடவை காரணமே இல்லை. வெளியே சிரித்து மழுப்பினாலும் உள்ளுக்குள் எனக்கு ஆறவே இல்லை. யார் யாரோ வந்து கைதட்டுகிறார்கள், பெற்றவள் ஒரு முறை பார்த்தால் என்ன குறைந்துவிடும்?

அதனால்தான் புதுப் படைப்பை எங்கள் ஊரிலேயே உருவாக்கலாம் என்று குழுவில் அடம்பிடித்தேன். அந்த ஹாலில் வெள்ளைக்காரர் காலத்து மரத்தரை, ஆடுவதற்கு அருமையாக இருக்கும். முக்கியமாக, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இனி எந்தச் சாக்கும் செல்லாது!

ஒத்திகையின்போது கேரளத்துத் தோழன் ஒருவன் தற்செயலாக ஒன்றைக் கண்டுபிடித்தான். எட்டுப் பேரும் ஒரே சமயத்தில் எகிறி, உடம்பு மொத்தமும் படும்படி விழுந்தால், தரை ‘தொம்’ என்று அதிர்ந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடக்கிறது. எங்களுக்கு ஒரே குஷி. விழுந்தபின் வெகுநேரம் அசையாமல் கிடப்பது என்று முடிவு செய்தோம். நடுவில் என்ன நடந்தாலும் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்பது எங்களுக்குள் எப்போதும் உள்ள விதி.

பாதி முடிந்த படைப்பை அக்கம்பக்கத்தாருக்கு ஆடிக் காட்டும் நாள் வந்தது. அம்மாவும் வந்தாள், அதுவும் பட்டுப்புடவையில். பக்கத்தில் அப்பா. மேடை இல்லாததால் எங்களுக்கு எட்டும் தூரத்திலேயே நாற்காலிகள்.

எகிறி விழுந்தோம். தொம்! கண்ணாடிகள் கடகடத்தன. பிறகு ஒரே நிசப்தம். என் கன்னம் தரையில் பதிந்திருக்க, அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை சட்டென்று எழுந்து, கழற்றி வைத்த செருப்பைக்கூட மாட்டாமல், வாசலைப் பார்த்து ஓடின. பின்னாலேயே இன்னும் இரண்டு மூன்று பெண்களின் பாதங்கள்.

போய்விட்டாள், பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். எழுந்துபோய்க் கத்தலாம் போல ஆத்திரம். ஆனால் நிறுத்தக் கூடாதே! அப்படியே கிடந்தேன்.

அப்போது அப்பாவின் பாதங்கள் அவசரமில்லாமல் எழுந்து போயின. வாசலில் அவர் பேசியது ஹால் முழுக்கக் கேட்டது.

“இன்னாமே, எங்க ஓடுற? நான் இங்கதானே கீறேன்.”

அம்மா விசும்பும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அப்பா சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்தால் மேலே வீடுகள் குலுங்கும், பாத்திரங்கள் உருளும். பெண்கள் போட்டது போட்டபடி, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் சாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். ஆட்களை ஏற்றிக்கொண்டு கூண்டு ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் தன் வீட்டு ஆள் அதில் இருக்கிறாரா என்று தேடுவார்களாம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவும் அப்படி நின்றிருக்கிறாள். சுரங்கத்தை மூடியபோது எனக்கு விவரம் தெரியாத வயது. கதையாகக் கேட்டிருந்தும், அந்தத் தரை அதிர்ந்தபோது ஊர்க்காரியான எனக்கே அது தோன்றவில்லை. அப்பா தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறார், அம்மாவின் கால்கள் அவரைத் தேடி ஓடியிருக்கின்றன!

அப்பா அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். மீதியை ஆடி முடித்தோம். பிறகு வழக்கம்போலப் பார்வையாளர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசினோம். அம்மா ஏன் ஓடினாள் என்று நான் சொன்னதும், கேரளத்துத் தோழன் மன்னிப்புக் கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினான். அந்தச் சத்தத்தையே எடுத்துவிடலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அத்த எதுக்கு எடுக்கிறீங்க? இருக்கட்டும். ஆனா அதோட உட்டுடாதீங்க. இவரு எழுந்து வந்து சொன்னாரு பாரு, அத்தயும் சேத்துக்குங்க. இல்லன்னா பாக்கறவங்க மனசு வாசல்லியே நின்னுக்கினு இருக்கும்.”

எங்கள் குழுவில் சண்டையே இல்லாமல் சேர்ந்த ஒரே யோசனை அதுதான்.

இப்போது எந்த ஊரில் ஆடினாலும், விழுந்து கிடந்தபின் எங்களில் ஒருவர் எழுந்து வாசல்வரை போய், “நான் இங்கதான் இருக்கேன்” என்று தன் தாய்மொழியில் சொல்கிறார். யார் சொல்வது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்வதில்லை. ஆட்டம் முடிந்து போன் செய்தால் அம்மா கைதட்டலைப் பற்றிக் கேட்பதில்லை, “அத்த சொன்னீங்களா?” என்றுதான் கேட்கிறாள். அந்தக் குரல் வரும்வரை தரையில் மூச்சைப் பிடித்துக் கிடக்கும் கொஞ்ச நேரமே எனக்குத் தாங்கவில்லை; என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாஃப்ட் வாசலில் அம்மா எப்படித்தான் நின்றாளோ என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.