குழாயில் கரண்ட்

தொண்ணூற்றேழில் கொழும்பு வெள்ளவத்தையில், தில்லைநாதன் வீட்டின் கீழ்த்தளத்தில், பாலேஸ்வரிக்கு ஓர் அறையும் குளியலறையும் கிடைத்தன. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அறை கொடுக்கவே பலர் தயங்கிய காலம். அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து மகள் கௌசிகாவோடு வந்தவள், குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று கரண்ட் அடிப்பதை மெதுவாகத்தான் சொன்னாள்.

"ஈரக்காலோட நிண்டா அப்பிடித்தான் பிள்ளை. செருப்பைப் போட்டுக்கொண்டு திறவும்" என்றார் தில்லைநாதன்.

மறுபடி கேட்டபோதும் அதே பதில். அதற்குமேல் கேட்கப் பயம். வடக்கிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்கு வீட்டுக்காரர்தான் கையெழுத்து வைக்கவேண்டும். அவர் முகம் கறுத்தால் எங்கே போவது? மகள் குளிக்கும் நேரமெல்லாம் கதவுக்கு வெளியே காதைக் கொடுத்தபடி நின்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை, உள்ளே தொப்பென்று விழுந்த சத்தம் கேட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். கரண்ட் உதறி எறிந்ததில் கௌசிகா சுவரோரம் கிடந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை; மணிக்கட்டு வீங்கியிருந்தது.

பிள்ளையைத் துவாயால் போர்த்தி இருத்திவிட்டு, பாலேஸ்வரி நேரே விறாந்தைக்குப் போய் முழு வீட்டுக்குமான மெயின் சுவிட்சை இறக்கினாள். அதன் முன்னாலேயே நின்றாள்.

ஃபேன் நின்றதும் தில்லைநாதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஆரைக் கேட்டு ஓஃப் பண்ணினனீர்?"

"ஆள் வந்து பாத்தாப்பிறகுதான் போட விடுவன் ஐயா. வேணுமெண்டா நாளைக்கே எழும்பிப் போறம்."

அவர் கௌசிகாவின் கையைப் பார்த்தார். உள்ளே போய், கொட்டாஞ்சேனையிலிருக்கும் எலெக்ட்ரீசியன் செபஸ்தியனுக்குப் போன் எடுத்தார்.

உடனே வருகிறேன் என்றவன் மத்தியானமாகியும் வரவில்லை. பாலேஸ்வரி கேற்றுக்கும் சுவிட்சுக்கும் நடந்துகொண்டிருந்தாள். கடைக்குப் போய்வந்த, மாடியில் வாடகைக்கு இருந்த பெண்தான் சேதி கொண்டுவந்தாள்.

"சந்திச் சென்றியில ஆமிக்காரர் ஒரு எலெக்ட்ரீசியனை மறிச்சு வச்சிருக்கினம். பைக்குள்ள வயரும் பற்றறியும் இருந்ததாம், குண்டு வைக்க வந்தவனோ எண்டு சந்தேகமாம்."

அந்தச் சென்றிக் காவலரணின் கண்ணில் படாமல் பின் ஒழுங்கையால் வேலைக்குப் போகிறவள் பாலேஸ்வரி. இப்போது அடையாள அட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டு நேரே அங்கே நடந்தாள். தில்லைநாதனும் சட்டையை மாட்டியபடி பின்னால் வந்தார். மண்மூட்டையோரம் வெயிலில் குந்தியிருந்தான் செபஸ்தியன்.

"ஏயா அப்பே கெதர லைட் ஹதன்ன ஆவே, மாத்தயா." எங்கள் வீட்டு லைட் திருத்த வந்தவர் என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னாள். சிப்பாய் அவளுடைய அட்டையில் இருந்த யாழ்ப்பாண விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தில்லைநாதன் வீட்டு இலக்கத்தைச் சொல்லிப் பொறுப்பேற்ற பிறகுதான் விட்டான்.

செபஸ்தியன் தண்ணீர் மோட்டரின் மூடியைக் கழற்றிக் காட்டினான். எலி கடித்த வயர் இரும்புக் குழாயில் முட்டிக்கொண்டிருந்தது. மண்ணுக்குள் இறங்கவேண்டிய எர்த் கம்பி அறுந்து கிடந்தது. அவன் வயரை மாற்றி, புதிதாக எர்த் அடித்து, கரண்ட் கசிந்தால் தானாகவே விழும் ட்ரிப் சுவிட்சையும் பூட்டினான்.

"முதலே கூப்பிட்டிருக்க வேணும்" என்றார் தில்லைநாதன், சுவருக்குச் சொல்வதுபோல. அறையைவிட்டு எழும்பும்படி அவர் ஒருநாளும் சொல்லவில்லை.

ஆனால் சென்றிக்காரன் அவளை மறக்கவில்லை. இனி ஒளித்துப் போனால்தான் சந்தேகப்படுவான் என்று அவள் சந்தியாலேயே போகத் தொடங்கினாள். "அக்கே, லைட் ஹரித?" என்று, லைட் சரியா அக்கா என்று, சிரித்தபடி கேட்பான். "ஹரி மல்லி", சரி தம்பி, என்றுவிட்டு நடையைக் கூட்டுவாள். தன் முகம் அவனுக்குத் தெரிந்திருப்பது நல்லதா கெட்டதா என்று, பஸ்ஸில் ஏறி இருந்த பிறகும் அவளுக்குப் பிடிபடுவதில்லை.