ஏழு இல்லாத தையல்

துறைமுகத்தில் அவளை எல்லோரும் 'பின்தையல்' என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பெயர் வைத்தவர் அவள் வேலை பார்த்த, கப்பல்களுக்குப் பாய் தைக்கும் பட்டறையின் முதலாளி, பாய்க்காரர். பாசத்தில் வைத்த பெயர் இல்லை, எரிச்சலில் வைத்தது.

கப்பல்கள் காற்றை நம்பி ஓடிய காலம் அது. பாய் கிழிந்தால் நடுக்கடலில் கட்டை மாதிரி மிதக்க வேண்டியதுதான். பாய்க்காரரின் பட்டறையில் பத்துப் பேர் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, மெழுகு பூசிய நூலால் முரட்டுத் துணியைத் தைப்பார்கள். ஒன்பது பேர் நேராகத் தைத்துக்கொண்டே போவார்கள். அவள் மட்டும் பத்துத் தையலுக்கு ஒருமுறை ஊசியைத் திருப்பி, பின்னால் ஒரு தையல் போட்டுவிட்டுத்தான் மேலே நகர்வாள்.

"நூல் என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார் பாய்க்காரர்.

"எங்க அம்மா இப்படித்தாங்க சொல்லிக் கொடுத்தாங்க. கிழிசல் ஓடி வந்தாலும் இந்த இடத்துல நின்னுடும்."

"கிழியுறதைப் பத்தி உனக்கு ஏன் கவலை? தைக்கிறதை வேகமா தைச்சுத் தொலை."

அவள் தலையாட்டுவாள். கை மட்டும் தன்பாட்டுக்குப் பின்தையல் போடும். பிடிவாதக்காரி என்றார்கள். இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவள் வீட்டிலிருந்து அவளிடம் மிஞ்சியது அந்தத் தையல் ஒன்றுதான்.

வீடு இருந்தது கடலுக்கு அந்தப் பக்கம். மீன்பிடிப் படகுகளுக்குப் பாய் தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை ஒண்டியாக வளர்த்தவள் அம்மா. அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள். தம்பிக்குக் கை நன்றாக ஓடியது, எண்ணிக்கைதான் உதைத்தது. ஆறுக்கு அடுத்து எட்டு என்று தாவிவிடுவான். அதனால் அவன் பின்தையல் எப்போதும் ஒன்பதிலேயே விழும்.

"ஏழு எங்கடா போச்சு?" என்று அக்கா அவன் காதைத் திருகுவாள்.

"உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா," என்பான் அந்தப் போக்கிரி, கொஞ்சங்கூட வெட்கமில்லாமல்.

அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த மறுவருடம் பகைவர் படை வந்தது. ஊரே கரைக்கு ஓடியது. அவளுக்கு வயது பதினொன்று, தம்பிக்கு எட்டு. முதலில் கிடைத்த படகில் அவனைத் தன் கையாலேயே தூக்கி ஏற்றினாள். அவள் காலை வைப்பதற்குள் படகுக்காரன் "இடமில்லை" என்று படகைத் தள்ளிவிட்டான். அடுத்த படகு அவளை இந்தத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கியது. தம்பி போன படகு எந்தக் கரை சேர்ந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஒன்பது வருடம், வந்துபோன மாலுமி ஒருவரையும் விடாமல் விசாரித்தாள். நானே ஏற்றி அனுப்பினேனே என்ற நினைப்பு மட்டும் அவளை விடவில்லை.

ஒரு நாள் காலையில், புயலில் அடிபட்ட கப்பலொன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டது. அதன் ஆட்கள் பழைய பாயைப் பட்டறையில் போட்டுவிட்டுப் புதுப் பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய பாய் நார்நாராகக் கிழிந்திருந்தது. ஆனால் நடுவிலிருந்த ஓர் ஒட்டு மட்டும் அசையவில்லை. எல்லாக் கிழிசலும் அதன் ஓரம்வரை வந்து அங்கேயே நின்றிருந்தது.

"இதைத் தைச்சவன் கைகாரன்தான்," என்றார் பாய்க்காரர், மனமில்லாமல். "உன்னை மாதிரியே ஒரு பைத்தியம். பின்தையல் போட்டிருக்கான், பாரு."

அவள் குனிந்து விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது தையல், பிறகு பின்தையல். அடுத்ததும் ஒன்பது. ஒட்டின் நான்கு பக்கமும் எண்ணிவிட்டாள். எங்கேயும் பத்து இல்லை. சட்டென்று நிமிர்ந்தாள்.

"அந்தக் கப்பல் எப்பங்க கிளம்புது?"

"இந்நேரம் நங்கூரம் தூக்கியிருப்பாங்க. தண்ணி வத்துறதுக்குள்ள போயாகணும்னு பறந்தாங்களே."

அவள் ஓடினாள். துறையிலிருந்த படகுக்காரர்கள் அலையைக் காட்டிக் கையை விரித்தார்கள். கப்பல்களுக்குப் பாய் கொண்டுபோகும் பட்டறைத் தோணி ஓரமாகக் கட்டிக்கிடந்தது. இருவர் தள்ள வேண்டிய தோணி அது. யாரையும் கேட்காமல் அவிழ்த்து, ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டாள். அலை ஏறி ஏறி அடித்தது, தோணிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்துவிட்டது. கப்பலில் புதுப் பாய் ஏறுவதைப் பார்த்தாள். புதுத் துணி விறைப்பாக இருக்கும், காற்றை வாங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அது அவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அந்தப் பாயைத் தைத்ததே அவள்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கப்பலை நெருங்கிவிட்டாள்.

"தம்பி," என்று கத்தினாள். பத்துத் தலை எட்டிப் பார்த்தது. தாடியும் மீசையுமாகப் பத்து முகம். எட்டு வயதில் பிரிந்த முகத்தை அதில் எங்கே போய்த் தேடுவது? கப்பல் நகரத் தொடங்கியது. அவள் தோணியில் எழுந்து நின்றாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, எட்டு, ஒம்பது, பத்து," என்று தொண்டை கிழியக் கத்தினாள். மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஏழு எங்கடா போச்சு?"

பாய்மரத்தின் உச்சியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒருவன் அப்படியே கையை நிறுத்தினான். சிரிப்பெல்லாம் அடங்கியபின் அவன் குரல் உடைந்து இறங்கி வந்தது.

"உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்க்கா."

அவ்வளவு தூரம் விடாமல் பிடித்திருந்த துடுப்பு அப்போதுதான் அவள் கையை விட்டு நழுவியது.

அவனை இறக்கிவிட்டுத்தான் கப்பல் போனது. இப்போது பட்டறையில் பதினொரு பேர், பதினொரு பேரும் பின்தையல்தான் போடுகிறார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும் இன்னமும் ஒன்பதில் விழுகிறது. வருகிற கப்பல்காரர்களிடமெல்லாம் பாய்க்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க பட்டறைப் பொண்ணு, ஒத்தை ஆளா அந்த அலையில போனாய்யா," என்று ஆரம்பித்துவிடுவார். நூலை முழம்போட்டு அளந்து கொடுக்கும் மனிதர், கடலோடு போன அந்தத் துடுப்பைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.