மெரிந்தாவின் பலகையில் முப்பத்தாறு படகுகள்

நரேல் டப், டோவர் என்ற கடலோர ஊரில் பத்தொன்பது வருஷம் சால்மன் மீன் ஆலையில் கத்தி பிடித்தவள். மணிக்கட்டு இனிமேல் ஒத்துழைக்காது என்று தெரிந்த அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு, கொல்லை ஷெட்டில் ஒரு லேசர் வெட்டும் மெஷினை வாங்கிப் போட்டாள். சாவிக்கொத்தில் மாட்டும் வில்லை, கதவு எண், கல்யாணக் கேக்குக்கு மேலே நிறுத்தும் பெயர் என்று எதையாவது மரத்தில் வெட்டிக் கொடுப்பாள். ஊரில் அவளை யாரும் கைவினைக்காரி என்று சொன்னதில்லை. "பட்டனைத் தட்டுறா, பலகை வெட்டுப்படுது" என்றுதான் சொல்வார்கள். அவளும் மறுத்துப் பேசியதில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை க்ளெனிஸ் ஹார்வுட் அவளிடம் வந்தாள். ஆறு வாரத்துக்கு முன்பு இறால் பிடிக்கப் போன 'மெரிந்தா' என்ற படகு திரும்பி வரவில்லை. அதை ஓட்டிப் போன கோரி, க்ளெனிஸின் புருஷன். ஊரில் முப்பத்தாறு பேர் ஒன்பது நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை. படகின் பக்கப் பலகை ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. எண்ணெய்ப் பசையுள்ள ஹுவான் பைன் மரம். உப்பில் ஊறியும் அதன் தேன் வாசனை போகவில்லை.

"தேடினவங்க ஒவ்வொருத்தர் கையிலயும் அவரோட படகுல ஒரு துண்டு கொடுக்கணும் நரேல். சின்னதா, மெரிந்தா உருவத்திலயே. முப்பத்தாறு. சனிக்கிழமை காலையில படகுத்துறையில வெச்சுக் கொடுக்கணும்."

க்ளெனிஸ் மரமில்லில் கொடுத்துப் பலகையைத் தடிமனில் பிளந்து, மெல்லிய தகடாக்கிக் கொண்டு வந்திருந்தாள். அப்படி ஒரு தகடுதான் முழுசாகத் தேறியது. மற்றதெல்லாம் பழைய ஆணித் துளைகளில் விரிசல் விட்டு உதிர்ந்துபோயின.

வெள்ளிக்கிழமை மதியம் நரேல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு மெரிந்தாவை வரைந்தாள். குறுக்கே நாலு, நெடுக்கே ஒன்பது, இடைவெளி மூன்று மில்லிமீட்டர் என்று எண்களைக் கொடுத்தாள். திரையில் முப்பத்தாறு படகுகளும் அணிவகுத்து நின்றன. ஆணித் துளை எதுவும் எந்தப் படகுக்குள்ளும் வரவில்லை. தகட்டின் கடைசியில் மட்டும் ஒரு சாண் நீளம் மிச்சம். அங்கே துளைகள் நெருக்கமாக இருந்தன.

எதற்கும் இருக்கட்டும் என்று மொத்த வரிசையையும் ஒரு காப்பி எடுத்து ஒட்டினாள். அதை ஓரமாக இழுத்து வைக்கப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு வண்டி சரக்கென்று வந்து நின்றது. எழுந்து போனாள்.

லிண்டன், கோரியின் அண்ணன். பள்ளிக்கூடத்தில் நரேலுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவன். தேடலில் ஒன்பது நாளும் வீட்டுக்கே போகாதவன்.

"வெட்டியாச்சா?"

"இன்னும் இல்ல."

"நல்லதாப் போச்சு. எடு அந்தப் பலகையை. எங்க அம்மா கல்லறை பக்கத்துல புதைக்கப் போறேன். அவனுக்குன்னு மண்ணுல வைக்க வேற என்ன இருக்கு?"

"க்ளெனிஸ் கொடுத்தது லிண்டன். அவ கேட்டாத்தான் திருப்பிக் கொடுப்பேன்."

"என் தம்பியைச் சாவிக்கொத்தா வெட்டப் போற. உனக்கென்ன, கேக்கு மேல வைக்கிற பேரும் இதுவும் ஒண்ணுதானே?"

நரேலுக்குச் சுரீரென்றது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "நீ க்ளெனிஸ்கிட்டப் பேசு. இல்லாட்டி உட்காரு. வாசல்ல நிக்காத, வெளிச்சம் மறையுது."

அவன் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. கதவில் சாய்ந்து கைகட்டி நின்றான். நரேல் மறுபடி திரைக்கு வந்தாள். முப்பத்தாறு படகுகள் தெரிந்தன. காப்பியை ஒட்டியதே அவளுக்கு நினைவில்லை. ஒட்டியது பழைய வரிசையின் மேலேயே கோட்டுக்குக் கோடு பொருந்தி உட்கார்ந்திருந்ததால் கண்ணுக்கும் தெரியவில்லை. வெட்ட ஒரு மணி நாற்பது நிமிஷம் ஆகும் என்று திரை சொன்னது. வழக்கத்துக்கு இது இருமடங்கு. எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்று வேகத்தைக் குறைத்தோமே, அதனால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு தொடங்கிவிட்டாள்.

முதல் படகு வெட்டுப்பட்டது. லேசர் கதிர் அங்கேயே திரும்பி, அதே கோட்டில் இன்னொரு சுற்று வந்தது. நரேல் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் நிற்பவனின் மூச்சுதான் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது படகும் அப்படியே. மூன்றாவதில் தேன் வாசனை மாறியது.

"ஏய், கருகுது!" என்றான் லிண்டன்.

அவள் திரும்புவதற்குள் மஞ்சள் தீ நாக்கு எழும்பி, மெஷின் மூடியின் கண்ணாடியைத் தொட்டது. சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தாள். கதிர் நின்றது, தீ நிற்கவில்லை. கை தானாகத் தீயணைப்பு உருளைக்குப் போனது.

"அதை அடிக்காத! பவுடர் பட்டா மொத்தமும் போச்சு!" என்று லிண்டன் தடுத்தான்.

வாளியில் நனைத்து வைத்திருந்த துண்டைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, தீயின் மேலே போட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். மணிக்கட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது. லிண்டன் தகட்டின் மறுமுனையைப் பிடித்து வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டான். புகை அடங்க ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு பேரும் இருமினார்கள்.

முதல் வரிசை போய்விட்டது. இரண்டு, மூன்று, நாலு மூன்றும் கரி. முதல் படகு மட்டும் முழுசாக இருந்தது; ஆனால் கொடுக்க முடியாதபடி ஓரமெல்லாம் கறுத்திருந்தது. மற்ற எட்டு வரிசைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நரேல் திரையில் ஒரு படகைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கீழே அதே இடத்தில் இன்னொன்று இருந்தது.

"என்னது அது?"

"ஒண்ணு மேல ஒண்ணு. நான்தான் ரெண்டு தடவை போட்டுட்டேன்." ஒளிக்க நினைக்கவில்லை. "மெஷின் மேல தப்பில்ல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் ஓரம் கறுத்த அந்த முதல் படகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் எத்தனை வேணும்?" என்று மட்டும் கேட்டான்.

"முப்பத்திரண்டு இருக்கு. நாலு."

மிச்சமிருந்த அந்த ஒரு சாணை இருவரும் குனிந்து பார்த்தார்கள். நரேல் திரையில் ஒரு படகை நேராக வைத்தாள், இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி அதன் முனையோரம் செருகினாள்.

"அந்தத் துளைக்கு இந்தப் பக்கம் சாய்ச்சு வை. இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு இல்ல!"

"நீ கைய எடு, திரை தெரியல."

அரை மணி நேரம் மாற்றி மாற்றி வைத்தும் மூன்றுதான் அடங்கின. நாலாவதின் முனையில் எப்படி வைத்தாலும் துளை விழுந்தது.

நரேல் போனை மேசைமேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, க்ளெனிஸிடம் நடந்ததை அப்படியே சொன்னாள்.

"முப்பத்தஞ்சு இருக்குல்ல?" என்றாள் க்ளெனிஸ். "போதும் விடு. லிண்டன் வரமாட்டேன்னுட்டான். அவன் பங்கு மிச்சம்."

நரேல் நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வரேன்னு சொல்லு" என்றான்.

"லிண்டனா அது? நீ அங்கயா இருக்க?"

"வரேன் க்ளெனிஸ்." ஓரம் கறுத்த படகைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "எனக்கு இருக்கு. மத்தவங்களுக்குக் கொடு."

க்ளெனிஸ் அழுதது போனில் கேட்டது. போனை நிறுத்த வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாமல் நரேல், மேலே அடுக்கியிருந்த காப்பியையும் கருகிய முதல் வரிசையையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். புதிதாக வைத்த மூன்றையும் வரிசையில் சேர்த்தாள். திரையில் இப்போது ஐம்பது நிமிஷம் என்று காட்டியது. இந்தத் தடவை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. ஈரத் துண்டைக் கையில் பிடித்தபடி, கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். லிண்டன் வாளியை அவள் காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, அவனும் நின்றான். கடைசிப் படகு தட்டில் விழுகிற வரைக்கும் இருவரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை படகுத்துறையில் காற்று வீசியது. க்ளெனிஸ் ஒவ்வொருவர் கையிலும் ஒன்றை வைத்து, அவரவர் பெயரைச் சொன்னாள். லிண்டன் முறை வந்தபோது அவனுக்கென்று அவளிடம் கொடுக்க ஒன்றுமில்லை. பேரை மட்டும் சொல்லி அவனைக் கட்டிக்கொண்டாள். நரேல் கூட்டத்தின் பின்னால் நின்று, மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்: லிண்டன் பையில் இருந்ததோடு சேர்த்து முப்பத்தாறு.