தலைகீழ் மயில்கள்

குழந்தைகளின் உடுப்புத் துணிக்குப் படம் வரைவது என் வேலை. பதினோரு வருடமாகத் திருத்தணியிலிருந்து சென்னைக்கு ரயிலேறிப் போய் வரைகிறேன். இன்னமும் என் அண்ணி யாரிடமாவது சொல்லும்போது, டெய்லர் வேலை மாதிரி ஏதோ ஒன்று என்கிறாள். போகட்டும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொன்ன என் முதலாளிக்கு அண்ணி எவ்வளவோ தேவலை.

அந்த முதலாளிக்கு ஒரு சட்டம். யானையோ முயலோ, துணியில் பாதி நேராக நிற்க வேண்டும், பாதி தலைகீழாக. அப்போதுதான் எந்தப் பக்கம் போட்டு வெட்டினாலும் வித்தியாசம் தெரியாது, துணியும் வீணாகாது. நான் வரைந்த மிருகங்களில் பாதி இப்படித் தொங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறெரியும்.

சண்டை போட்டுப் போட்டு, போன மாதம் ஒரே ஒரு துணிக்குச் சம்மதம் வாங்கினேன். எல்லா மயிலும் நேராக நிற்கும். ஒரு கவுன் தைத்துப் படம் அனுப்பு, பிடித்தால் அச்சுக்கு விடுகிறேன், இல்லையென்றால் இனி இந்தப் பேச்சே கூடாது என்றார் முதலாளி. அண்ணன் மகளுக்கு மலையில் மொட்டை போடுவதாக இருந்தது. அன்று அவளுக்குப் போட்டுப் படமெடுக்கலாம் என்று மாதிரித் துணியைக் கடைத்தெருத் தையல்காரரிடம் கொடுத்து, மயில் நேராக நிற்க வேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஆங் என்றார்.

மொட்டையன்று காலையில்தான் கவுன் கைக்கு வந்தது. பின்பக்கம் மயில்கள் நேராக நின்றன. முன்பக்கம் அத்தனையும் தலைகீழ்.

"மாத்தி மாத்திப் போட்டு வெட்னேம்மா, அரை மீட்டர் துணி மிச்சமாச்சி. கொயந்தைக்கு இன்னா தெரியப் போவுது?" என்றார் தையல்காரர்.

வேறு துணியும் இல்லை, நேரமும் இல்லை. திரும்பி வந்து வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலையேறினேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

மொட்டையடிக்கும்போது ஊரைக் கூட்டிய அண்ணன் மகள், சந்தனம் பூசிக் கவுனை மாட்டியதும் சட்டென்று அடங்கினாள். குனிந்து தன் வயிற்றையே பார்த்தாள்.

"அத்த, மயிலு எல்லாம் என்னியப் பாக்குது."

அவளுக்குப் பின்னால் போய், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அத்தனை மயில்களும் நேராக நின்றன. இத்தனை வருடம் குழந்தைகளுக்கு வரைகிறேன் என்று பேர். உடுத்துகிறவள் குனிந்துதான் பார்ப்பாள் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. அங்கே நின்றபடியே படமெடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். அச்சுக்கு விடலாம் என்று அப்போதே பதில் வந்தது.

இறங்கி வரும்போது தையல்காரர் கடையைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. இன்னாம்மா, கொயந்த ஒண்ணும் சொல்லலியே என்று கேட்டார். மயிலெல்லாம் அவளையே பார்க்குதாம் என்றேன்.